வண்டி திருந்திவிட்டது

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் வாடகைக் கார்களோடு ஹயருக்கு நிற்கும் ஆண்களிடம் பெண்சாதி பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தைதான் வரும். வண்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை வாய் மூட மாட்டார்கள். ஒருவருக்குத் தன் காரின் சூடாகும் சீட் உயிர். நுவரெலியாக் குளிருக்குள் போனால் வெள்ளைக்காரர்கள் அதில் உட்கார்ந்து எழும்ப மறுக்கிறார்களாம். இன்னொருவருக்கு, நின்றதும் எஞ்சின் தானாக அணைவது பிடிக்காது. ஏற்றத்தில் வண்டி செத்துப்போனால் பின்னால் உருளாமல் யார் பிடிப்பது என்பார். ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கத்தும் அலாரத்தை எல்லோரும் ஒன்றுசேர்ந்து திட்டுவார்கள். கண்டி ரோட்டில் கோட்டைத் தாண்டாமல் ஓட்ட வானத்திலிருந்து மலக்குமார்தான் இறங்கி வரவேண்டும்.

என் கணவர் முனாஸ் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அவருக்கு ஏசி பிடிக்கும், பின்பக்கம் காட்டும் கமரா பிடிக்கும், பெட்ரோலை அளந்து குடிக்கும் ஹைபிரிட் ரொம்பப் பிடிக்கும். தனக்கு ஓட்டச் சொல்லித்தரும் எதுவும் பிடிக்காது. பெல்ட் போடு என்று ஒரு சத்தம், கதவைப் பூட்டு என்று ஒரு சத்தம், பின்னால் மதில் இருக்கிறது என்று ஒரு சத்தம். "எத்தின வருஷமா ஓட்டுறன், இந்தப் பெட்டி எனக்குப் படிச்சுத் தருதாம்" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டுவார். அடி வாங்கியும் அது வாயை மூடியதில்லை.

ஒருத்திக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வண்டி அது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஜப்பான்காரி மெல்லிய குரலில் ஏதோ சொல்வாள். இங்கே பாதிக் கார்களுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது, அவளை நிறுத்தவும் யாரும் மினக்கெடுவதில்லை. முனாஸ் காலையில் அவளுக்கு மரியாதையாகப் பதில் சொல்வார்: "சரி தங்கச்சி, பிஸ்மில்லாஹ், போவம்." நான் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிடுவேன்.

ஒரு காலையில் அவள் பேசினாள், இவர் பதில் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. நான் ஜன்னலில் குனிந்து கிண்டல் பண்ணினேன்.

"என்ன, தங்கச்சியோட கோவமா?"

"எனத்த?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

"அவ இப்ப பேசுறல்லயே. வாய் ஓஞ்சிட்டு. எல்லாமே அடங்கிட்டு, கவனிச்சியா? பெல்ட்டுக்குக் கத்துறல்ல, ரிவர்ஸ் போட்டாலும் கத்துறல்ல. வண்டி திருந்திட்டு, புள்ள!"

அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. வண்டி அந்த நேரமும் டிங் டிங் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

கேட்டைப் பூட்டிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். வண்டி திருந்தவில்லை, மனுஷனின் காதுதான் கெட்டுப்போயிருந்தது. தடித்த சத்தம் அவருக்குக் கேட்கிறது. பஸ் ஹோர்ன் கேட்கிறது, பாலத்தடியில் ஆண்கள் கத்திப் பேசுவது கேட்கிறது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்கின்றன. என் குரலும் மெல்லியதுதான். பக்கத்து சீட்டில் இருந்து நான் சொன்னதற்கெல்லாம் பல மாதமாகப் பதில் வராதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்க விருப்பமில்லாத மனுஷனோடு என்ன பேச்சு என்று வண்டிக்குள் வாயைத் திறப்பதையே விட்டிருந்தேன்.

சொல்லத்தான் வேண்டும், ஆனால் எப்படி? கண்ணாடி போடுங்கள் என்று மகள் இல்மா சொன்னதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். காது கேட்காவிட்டால் ஓட்டக்கூடாது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே பயம். ஓட்டாத முனாஸ் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டாலோ, ஒரு நாள் ஏதாவது வளைவில் யாருடைய உயிராவது போகும். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன்.

அந்த ஞாயிறு கடுகண்ணாவையில் இல்மாவின் வீட்டுக்குப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ஒடுக்கமான பாதை, உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. சந்தியிலிருந்தே ரிவர்ஸில்தான் போகவேண்டும். முனாஸுக்கு அதில் ஒரு பெருமை. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு இறக்கினார். வெயில் விழுந்து கமராத் திரை வெளுத்திருந்தது. பாதி வழியில் அலாரம் ஆரம்பித்தது, முதலில் விட்டுவிட்டு, பிறகு மூச்சு விடாமல். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓரத்தில் பாய் விரித்துக் கராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், குனிந்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஹைபிரிட் வண்டி பூனை மாதிரி வரும். அவளுக்கும் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்க!"

வண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். பிறகு அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

பிரேக் பிடித்தார். பாயின் ஓரம் சக்கரத்துக்கடியில் போயிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து எங்களைச் சிங்களத்தில் நன்றாக ஏசினாள், பாயை உருவி எடுத்துக் கராம்பை அள்ளிக்கொண்டு போனாள். ஏசட்டும். ஏசுவதற்கு உயிரோடு இருந்தாளே, அல்ஹம்துலில்லாஹ்.

முனாஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அது அடிக்கல்லயே" என்றார்.

அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "அடிச்சிச்சு. இப்பயும் அடிக்குது. அந்த ஜப்பான்காரி தெனமும் பேசுறா. நான் தொண்ட கிழியக் கத்தினன். ஒங்களுக்குத்தான் கேக்கல்ல."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ என்னோட கோவத்துல ஈக்கல்லயா, பாயிஸா?"

"நானா? எனத்துக்கு?"

"பெருநாளண்டு ஒன்ன விட்டுட்டு ஹயர் போனேனே. அதாலதான் வண்டிக்குள்ள வாயத் தொறக்குறல்ல எண்டு நெனச்சன். ஏசினாலும் பரவால்ல, பேசாம ஈந்தா மனுஷன் என்ன செய்ற? அதான் கொய்யாக்கா, வட்டலப்பம், சல்வார் துணி எண்டு ஒவ்வொண்டாக் கொண்டு வந்தன். நீ ஒண்டுக்கும் மசியல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்காத காதை வைத்துக்கொண்டு, கோபிக்காத பெண்சாதியைச் சமாதானம் பண்ண இந்த மனுஷன் இத்தனை நாளும் கொய்யாக்காய் சுமந்திருக்கிறார். நானோ, வீட்டில் பழம் இருக்கும்போது எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்தேன். அந்த முணுமுணுப்பும் அவருக்குக் கேட்டிருக்காது.

"நாளைக்கு டொக்டர்ட்ட போவம்" என்றேன், வாயை நன்றாகத் திறந்து. "காதுக்கு மெஷின் போட்டுட்டு ஓட்டுற ஆக்கள் எவ்வளவு பேர் ஈக்காங்க."

"அப்பயும் ஓட்ட ஏலாம போனா?"

"நான் பழகுறன். நீங்க பக்கத்துல இருந்து ஏசுங்க."

சிரிப்பு வந்ததோ இல்லையோ, மூக்கால் ஒரு சத்தம் விட்டார். பிறகு வண்டியை அணைத்துச் சாவியை என் மடியில் வைத்தார். "டொக்டர் பாக்கும் வரைக்கும் நான் தொடுறல்ல. மருமகன் கொண்டுபோய் விடட்டும்."

அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இல்மா வாசலுக்கு வந்து, ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கையால் கேட்டாள். கொஞ்சம் இரு என்று நானும் கையைக் காட்டினேன்.

"நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேக்காம போயிட்டே" என்றார் முனாஸ். "திரும்பச் சொல்லு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும். நோம்புலேருந்து சொல்லு."

எங்கே தொடங்குவது? மனதுக்குள் தேடினேன். பிறகு அந்தப் பாதை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்:

"மொத நோம்பு தொறந்துட்டு இல்மாவப் பாக்க வரக்குள்ள, கஞ்சிக்கு உப்புக் கூடவா எண்டு கேட்டன். நீங்க ரோட்டயே பாத்துட்டு வந்தீங்க."

என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கூடத்தான்" என்றார். "ஆனா நான் ரெண்டு கோப்ப குடிச்சனே, புள்ள."