செவ்வாய்க்கிழமைப் பெட்டி

மார்லீன் சாபோவின் கடைக்குப் புதுக் காமிக்ஸ் பெட்டி வருவது செவ்வாய்க்கிழமை காலையில். அதை விற்பது புதன்கிழமை பத்து மணிக்கு. நடுவில் இருக்கிற அந்த ஒரு நாளில் உள்ளே நுழைய மார்லீனைத் தவிர இரண்டே பேருக்குத்தான் அனுமதி. ஒருவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற லமாண்ட் பெட்வே. இன்னொருவன் ஜெரால்ட் நோவிக்கி, அதாவது நான். தபால்காரன். செவ்வாய் எனக்கு விடுமுறை.

ஒரு நாள் முன்னால் பெட்டியை அனுப்புவது விநியோகக் கம்பெனி காட்டுகிற சலுகை. பிரித்து, சரிபார்த்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியிலும் அவரவர் புத்தகத்தைப் போட்டு வைக்க நேரம் வேண்டுமே, அதற்காக. பதிலுக்குக் கடைக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். புதன் பத்து மணிவரை விற்க மாட்டேன், காட்ட மாட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று என் கடையிலிருந்து ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள் என்று. மீறினால் செவ்வாய்ப் பெட்டி நின்றுபோகும். புத்தகம் வியாழக்கிழமைதான் வரும். புதன்கிழமை கதவு திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்கிற கூட்டம் வியாழன்வரை பொறுத்திருக்காது. ஊருக்கு மேற்கே மாலில் இன்னொரு கடை இருக்கிறது. புதன்கிழமை ஈயடிக்கிற காமிக்ஸ் கடை எங்கள் ஊர் டொலீடோவில் ஆறு மாதம் தாங்காது.

எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இப்போது வருகிற சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பாதியைத் தபால் பையில் வைத்துக்கூடச் சுமக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரே கதைக்குப் பதினோரு அட்டை போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உலகம் அழிகிறது, அது எப்படி அழிந்தது என்று புரிந்துகொள்ள வேறு பன்னிரண்டு புத்தகம் வாங்க வேண்டியிருக்கிறது. செத்தவன் எவனும் செத்தபடி இருப்பதில்லை. இதையெல்லாம் வாரத்துக்கு ஒரு கட்டுரையாக என் வலைப்பக்கத்தில் எழுதி வந்தேன். ஒரு கட்டுரைக்கு நாற்பது பேர் வந்து போவார்கள். அந்த நாற்பது பேரும் யார் என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய் வந்த பெட்டியில் ‘சாம்பல் நாரை’ முந்நூறாவது இதழ் இருந்தது. அதுதான் கடைசி இதழ். இருபத்தைந்து வருடமாக ஓடிய முகமூடி வீரன் கதை. அறுபத்திரண்டு வாடிக்கையாளர்கள் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். நானும் லமாண்டும் கடையின் பின்னறையில் பெட்டியைப் பிரித்து, ஆளுக்கொன்றை எடுத்து நின்றபடியே படித்து முடித்தோம். முடிவு பிரமாதம். நாரை சாகவில்லை. யாரையும் காப்பாற்றவில்லை. காலையில் பஸ் ஏறி, முகமூடியைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, வேலைக்குப் போக இறங்கிவிடுகிறான். வாரிசு கிடையாது. பஸ் போய்விடுகிறது. கடைசிப் பக்கத்தில் வசனமே இல்லை.

நான் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தேன். லமாண்ட் மூக்கை உறிஞ்சிவிட்டு, “பஸ்ல விட்டுட்டுப் போனா கடைசில நாந்தான்யா பொறுக்கணும். போன வாரம் ஒத்தக் கால் ஷூ, இந்த வாரம் முகமூடி” என்றான். ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு பெட்டிகளை நிரப்பினோம். பேசிப் பேசி அந்த முடிவு எனக்குப் பழைய சங்கதி ஆகிவிட்டது. அங்கேதான் என் புத்தி கோணியது. பின்னறைக்காரர்களுக்கு வரக்கூடிய வியாதி அது. உலகத்தை விட ஒரு நாள் முன்னால் நிற்கிறோம் என்பதையே மறந்துவிடுவோம்.

வீட்டுக்குப் போய்க் கட்டுரை எழுதினேன். காமிக்ஸ் பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமை நானும் லமாண்டும் பார்த்த விண்வெளிப் படத்தைப் பற்றி. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி நேரம் திரையில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கப்பலைக் காப்பாற்ற கேப்டன் சூரியனுக்குள் போய் விழும்போது நான் அழுதேன், ஒளிக்கவில்லை. பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அவன் விரல் ஆடுகிறது. அடுத்த படத்துக்கு அச்சாரமாம். விட்ட கண்ணீரைத் திருப்பிக் கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் குறையாமல் ஒன்றரைப் பக்கம் எழுதி, மூன்று மணிக்குப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

நாலரைக்கு மார்லீன் கூப்பிட்டாள். “ஜெரி, கடைக்கு வா. உடனே.” வைத்துவிட்டாள்.

கதவில் ‘மூடியிருக்கிறது’ பலகை தொங்கியது. மார்லீன் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயது, கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். லமாண்ட் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், பஸ் ஓட்டுகிற மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“விநியோகக் கம்பெனிலேர்ந்து ஃபோன்” என்றாள். “நாரையோட முடிவு வெளில போயிடுச்சு. ரசிகர் மன்றப் பக்கத்துல எவனோ போட்டிருக்கான். டொலீடோல பெட்டி பிரிக்கிற ஆள் சொன்னதுன்னு ஊர்ப் பேரோட போட்டிருக்கான். மால் கடைல முதலாளியே தனியாத்தான் பிரிக்கிறார். அப்ப மிச்சம் யாரு? ஆறு மணிக்குள்ள பேரச் சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த செவ்வாய்லேர்ந்து பெட்டி கிடையாது.”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாக ஐந்து நிமிடம். எனக்கு வந்தது சுத்தமான கோபம். எந்த அயோக்கியன் இந்த வேலையைச் செய்தான் என்ற கோபம். என் கண் தானாக லமாண்ட் பக்கம் போனது. ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு காமிக்ஸ் நாயகனின் சாவைப் புதன்கிழமைக்கு முன்பே தன் தம்பியிடம் ஃபோனில் உளறி, மார்லீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

“தம்பிகிட்ட பேசினியா?” என்றேன்.

“பேசல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. சாப்பாட்டு நேரத்துல, சும்மா ஒரு வார்த்த.”

“யோவ், பேசலன்னு சொல்றேன்ல.”

“போன தடவையும் இப்படித்தான மொதல்ல சொன்ன” என்றேன். அதை நான் சொன்னேன். மார்லீன் அல்ல, நான்.

லமாண்ட் என்னைப் பார்த்தான்.

“ஃபோட்டோ எடுத்துப் போட்டிருக்கானா?” என்று மார்லீனைக் கேட்டேன்.

“ஃபோட்டோ இல்ல, எழுத்துதான்.” ஃபோனில் கேட்டுக் குறித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “முகமூடிய பஸ் சீட்லயே வச்சிட்டு வேலைக்கு எறங்கிப் போறான், முடிவுன்னா அதான் முடிவு, செத்த மாதிரி நடிச்சிட்டு வெரல ஆட்டுற கேப்டனெல்லாம் நாரைகிட்ட வந்து பாடம் படிக்கணும். இப்படிப் போட்டிருக்கான். எந்தக் கேப்டன், என்ன வெரல், எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

அது என் வாக்கியம். கட்டுரையின் கடைசிக்கு முந்தின வாக்கியம். அதை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்ட வாக்கியம்.

“அது ஒரு சினிமா” என்றான் லமாண்ட். “ஞாயித்துக்கெழம வந்தது.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.” அவ்வளவுதான் சொன்னான். ஜெரால்டும் என்கூட வந்தான் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மார்லீன் என் கட்டுரைகளைப் படிப்பதில்லை. நாள் முழுக்கக் காதால் கேட்கிறேனே, கண்ணாலும் வேறயா என்பாள்.

“பாத்ரூம் போய்ட்டு வரேன்” என்றேன்.

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தேன். அன்றைக்குப் பார்த்து முந்நூற்றுப் பத்துப் பேர் படித்திருந்தார்கள். என் வாழ்நாளில் வராத கூட்டம். கட்டுரையை அழித்தேன். அழிந்துவிட்டதா என்று மூன்று தடவை திறந்து பார்த்தேன். எனக்குள் இருந்த கோழை அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். கட்டுரை போய்விட்டது, பெயர் போடாமல்தான் எடுத்துப் போட்டிருக்கிறான், லமாண்டுக்கு ஏற்கனவே கெட்ட பெயர், அவனுக்கு ஒரு செவ்வாய் போனால் என்ன, பஸ் இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது, இந்தப் பின்னறையைத் தவிர? எல்லாம் நியாயமாகவே தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்து முப்பது. மார்லீன் அலமாரியிலிருந்து லமாண்டின் அட்டைப்பெட்டியை இறக்கிக் கல்லா மேல் வைத்திருந்தாள். அதில் அவன் பெயர் எழுதிய சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“கடைசியாக் கேக்குறேன்” என்றாள்.

“நான் சொல்லல மார்லீன். அதுக்கு மேல நான் என்ன சொல்றது?”

“நீ சொல்லலைன்னா வேற யாரு? ஜெரியா? வாய் கிழியப் பேசுவான். ஆனா விதின்னா விதிதான் அவனுக்கு. மீறின மூணு கடையப் பத்தி வரிஞ்சுகட்டிட்டு எழுதினேன்னு எங்கிட்டயே வந்து சொன்னவன்.”

ஆமாம், எழுதியிருந்தேன். இரண்டு கட்டுரை.

லமாண்ட் தலையைக் குனிந்துகொண்டு தன் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான். நான் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒழுங்குபடுத்துகிற மாதிரி நின்றேன். ஒரே வரிசையை நாலு தடவை ஒழுங்குபடுத்தினேன். ஐந்து நாற்பத்தைந்து. ஐந்து ஐம்பது.

மார்லீன் ஃபோனை எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள், நடப்பது எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான். மணி நாலு தடவை அடித்தது. மரியாதையான இளம் குரல் ஒன்று, “சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்” என்றது.

“அவரு பேரு” என்று ஆரம்பித்து மார்லீன் நிறுத்தினாள். அவளுக்கும் அது சுலபமாக இல்லை. “லமாண்ட்.”

“கடைசிப் பேரு மேடம்?”

லமாண்ட் நிமிர்ந்தான். மார்லீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடைசி நிறுத்தம்வரை இறங்காத பிள்ளையை ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி ஒரு காத்திருக்கிற பார்வை.

“நோவிக்கி” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. “ஜெரால்ட் நோவிக்கி. லமாண்ட் இல்ல. நான்தான். என் கட்டுரைல எழுதினேன். புதன்கிழமை ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டு எழுதிட்டேன். அப்புறம் அழிச்சுட்டேன்.”

அந்தப் பையன் என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். பிறகு தீர்ப்பு. பெயர் சொன்னதால் பெட்டி தொடரும். குறிப்பிட்ட நபர் இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இன்னொரு தடவை நடந்தால் பேச்சுக்கே இடமில்லை. “ஒத்துழைப்புக்கு நன்றி மேடம்” என்று வைத்துவிட்டான்.

கடை பிழைத்தது. ஒருவரும் பெருமூச்சுகூட விடவில்லை.

மார்லீன் லமாண்டின் பெட்டியை எடுத்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். “மன்னிச்சிடு லமாண்ட்” என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று அவனிடம் கேட்டேன்.

“மூணேகாலுக்கு. பஸ் டிப்போல.”

“எப்படி?”

“படிச்சேன்யா. எப்படின்னா?” எழுந்து நின்றான். “வாரா வாரம் படிக்கிறேன். நீ எழுதறதுல பாதிய ஒத்துக்க மாட்டேன். அந்தப் படம் ஒண்ணும் அவ்ளோ மோசமில்ல. ஆனா படிப்பேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவன்னு நெனச்சேன்.” ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். “உள்ள போய் அழிச்சிட்டு வந்தப்பக்கூட நெனச்சேன்.”

அவன் போன பிறகு கடையில் நானும் மார்லீனும் மட்டும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் பின்னறையிலிருந்து நாளைக்கு விற்க வேண்டிய முந்நூறாவது இதழ்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக உறையில் போட ஆரம்பித்தாள். பழக்கத்தில் என் கையும் நீண்டது. அவள் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“செவ்வாக்கெழம இன்னும் முடியல” என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். மன்னிப்பு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அபிப்பிராயம்தான். “அதுல எழுதினது திட்டு இல்ல மார்லீன். பாராட்டுதான். இந்த மாதிரி ஒரு முடிவ நான் படிச்சதே இல்ல. நாளைக்கு நீங்களே பாருங்க.”

“ஜெரி, நான் பெட்டி வந்தன்னிக்கு ஒரு புத்தகத்தையும் தொறக்க மாட்டேன். ஏன்னு நீ கேட்டதில்ல. புதன்கெழம ஒம்போது மணிக்கு வந்து, காப்பியப் போட்டு, வாசல்ல நிக்கிற கூட்டத்த ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே நாரைய மட்டும் படிப்பேன். ஒண்ணாம் நம்பர்லேர்ந்து அப்படித்தான்.” ஒரு இதழை உறைக்குள் நுழைத்து, மடிப்பை ஒட்டினாள். “இன்னிக்கு அந்தப் பையன் ஃபோன்ல எனக்கு அத வாசிச்சுக் காட்டினான். ஆதாரம் மேடம், ஆதாரம் மேடம்னு. நிறுத்துன்னு சொல்றதுக்குள்ள முடிச்சிட்டான்.”

“இல்ல மார்லீன், தெரிஞ்சாலும் நல்லாருக்கும். அந்தக் கடைசிப் பக்கம் வரைஞ்சிருக்கிறதப் பாத்தீங்கன்னா...”

“நல்லா இருந்திருக்கும்” என்றாள். அடுத்த இதழை எடுத்தாள்.