பஞ்சு அறையின் ஒன்பதாவது பெயர்

அந்த ஜன்னலைப் பார்த்ததுமே அவளுக்கு என்னமோ உறுத்தியது.

தீயணைப்புத் துறையில் ஆய்வு அதிகாரி அவள். சான்றிதழ் புதுப்பிப்பதற்காக அந்தப் பழைய நூல் ஆலைக்கு வந்திருந்தாள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கேதான், பஞ்சு அறையில் பதினேழு பேர் வெந்து செத்தார்கள். தப்பியது ஒரே ஆள், அவளுடைய கொள்ளுத்தாத்தா. ஜன்னல் வழியாகக் குதித்தார், கம்பியைப் பிடித்ததில் வலது உள்ளங்கை பொசுங்கிவிட்டது என்பது குடும்பக் கதை. "அந்த மனுஷன் குதிக்கலேன்னா நாம ஒருத்தரும் இல்ல" என்று பெரியப்பா சொல்லாத விசேஷமே கிடையாது.

ஜன்னலில் நாலு விரல் இடைவெளியில் இரும்புக் கம்பிகள். சுவரோடு சேர்த்துக் கட்டியவை. பூனைகூட நுழையாது.

"இது எப்போ போட்டது?"

"கட்டினப்பவே போட்டது மேடம். பஞ்சு திருட்டுப் போகக் கூடாதுன்னு" என்றார் மேலாளர்.

அப்படியானால் கொள்ளுத்தாத்தா எப்படி வெளியே வந்தார்? சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டுக் கதையை மட்டும் ஏன் விட்டுவைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தன் அலுவலகத்தின் பழைய கட்டுகளில் இரண்டு நாள் தூசி தின்றபிறகு விசாரணைக் கோப்பு கிடைத்தது. கொள்ளுத்தாத்தாவின் வாக்குமூலம் நாலே வரி. மேஸ்திரி சொன்னதால் வெளியே தாழ் போட்டேன். தண்ணீர் குடிக்கப் போனேன். புகையைக் கண்டு ஓடிவந்து தாழைப் பிடித்தேன். கை வெந்தது, திறக்க முடியவில்லை. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

கதவு கனத்த மரம். உள்ளே எரிகிற தீ வெளித் தாழ்ப்பாளைக் கை பொசுங்குமளவு சுட வைக்கக் கால்மணி நேரமாவது ஆகும். தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரமா? ஓடித்தான் வந்தாரா, நின்று பார்த்துவிட்டு வந்தாரா?

பக்கத்தைத் திருப்பினாள். செத்தவர்கள் பட்டியல். ஒன்பதாவதாக இருந்தது பெரியப்பாவின் பெயர்.

நகலை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சத்தமாகத்தான் படிப்பார். இதைச் சத்தமில்லாமல் படித்தார். அவர் அதிர்ச்சியடையாததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பெரியப்பா?"

"தாழ்ப்பாள் விஷயம் சத்தியமா தெரியாது."

"அப்போ இந்தப் பேரு?"

"பாட்டியோட அண்ணன். தீ விபத்துல போனவர்னு தெரியும். அவரு போன மறுவருஷம்தான் தாத்தா பாட்டியைக் கட்டினாரு. நான் பிறந்ததும் இந்தப் பேருதான்னு பாட்டி ஒத்தக்கால்ல நின்னாளாம்."

"பாட்டிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமோ?"

அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "தாத்தா என்னைத் தோள்லதான் வளர்த்தாரு. ஆனா ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. 'பெரியவனே'ம்பாரு. பாட்டி மட்டும் அவர் பக்கத்துல இருக்கறப்போ வேணும்னே பேர் சொல்லிக் கத்துவா. பாசம்னு நினைச்சேன்."

அவள் நகலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மத்தவங்ககிட்ட சொல்லிடலாமா?" என்றாள்.

"சொல்லு. நம்ம குடும்பத்து அறுபது பேருக்கும் தெரியட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு முன்னாடி அந்தப் பதினேழு பேரையும் எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு. மெதுவா."

அவள் படித்தாள். ஒன்பதாவது பெயர் வந்ததும் பெரியப்பா, யாரோ கூப்பிட்டதுபோல, "ம்" என்றார்.