மூன்று கடுகுத் தலையணைகள்

ஊசி உறையில் ஆறு அறைகள். ஐந்தில் ஊசி இருந்தது. நீட்டு ஊசியின் அறை காலி.

தனுஜா உறையைக் கவிழ்த்து உதறினாள். எதுவும் விழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண் வார் பிரிந்த துணிப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். சற்றுமுன் இங்கே வாங்கிய பைதான். தனுஜா சின்ன ஊசியில் நூல் கோத்து வாரை இழுத்துத் தைத்தாள். கை தைத்தது. மனம் வீட்டுக்குப் போய் நாற்காலிக்கு அடியிலும் தையல் மெஷினின் இழுப்பறையிலும் தேடியது.

பழைய பருத்திச் சேலைகளை வெட்டிப் பைகளும், தொட்டில் துணிகளும், பிறந்த குழந்தைகளுக்குக் கடுகு அடைத்த தலையணைகளும் செய்து விற்கிறவள் அவள். மாதத்தில் ஒரு ஞாயிறு, வெல்ட் கீ கடலோரத் தெருப் பக்கம் ஒரு பழைய அரிசிக் கிடங்கில் கைவினைச் சந்தை கூடும். நாற்பது மேசை. அவளுடையது வாசலுக்கு இரண்டாவது.

தினமும் வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி உறையில் போட்ட பிறகுதான் விளக்கை அணைப்பாள். குழந்தைகளுக்குத் தைக்க ஆரம்பித்த நாள் முதல் இதுதான் பழக்கம். நேற்று எண்ணவில்லை.

சீனப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தனுஜா போனை எடுத்தாள்.

"அண்ணி, நேத்து சாயந்திரம் நீட்டு ஊசி கேட்டேனே. எங்க வெச்சீங்க?"

"எங்க வெப்பேன்? ஒன் பக்கத்துலதான் குத்தி வெச்சேன்."

காமினி அண்ணி ஊசியையும் உப்பையும் யார் கையிலும் கொடுக்க மாட்டாள். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பாள். எதிலாவது குத்தி வைப்பாள், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். சண்டை வந்ததில்லை. தனுஜாவும் அதை மாற்றச் சொன்னதில்லை.

"எதுல அண்ணி குத்துனீங்க?"

"தலையணையிலதான். ஒன் ஊசிப் பஞ்ச நீ அப்பவே பேக்குல போட்டுட்ட. வேற எதுல குத்துறது, என் தலையிலயா?"

அண்ணி சிரித்தாள்.

"எந்தத் தலையணை?"

"நாற்காலி மேல மூணு இருந்துச்சுல்ல, அதுல ஒண்ணு."

"என்ன கலரு?"

"கலர யாரு பார்த்தா? அடுப்புல பாலு பொங்குது, நீ ஊசி ஊசிங்கற. பாதி வெளிய தெரியற மாதிரிதான் குத்துனேன் லா. ஏன், நீ எடுக்கலையா?"

"எடுக்கல."

சிரிப்பு நின்றது.

"ஐயோ தனு. வித்துட்டியா?"

தனுஜா போனை வைத்தாள்.

குழந்தை மெத்தை ஒன்றுக்குப் பஞ்சு நகராமல் நடுமுடிச்சு போடத்தான் அந்த ஊசியைக் கேட்டிருந்தாள். கேட்ட கையோடு சந்தைக்காரர்களிடமிருந்து போன் வந்தது, மேசையை மாற்றியிருக்கிறோம், காலையில் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று. மெத்தை அப்புறம் ஆகட்டும் என்று எழுந்தாள். நாற்காலி மேல் இருந்த மூன்று தலையணைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி மூடுவதற்காக உள்ளங்கையால் நன்றாக அழுத்தினாள். அழுத்தியது இப்போது கையில் தெரிந்தது. கடுகு வழிவிடும். இரண்டு அங்குல ஊசி உள்ளே போனால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு தலை அதன்மேல் சாயும் வரை.

பச்சை, மஞ்சள், ஊதா. பச்சை மேசைமேல் இருந்தது. மற்ற இரண்டும் விற்றுப்போயின.

பச்சையை எடுத்து விரலால் அமுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஷஹீதா தலைத்துணி விற்றுக்கொண்டிருந்தாள். துணி நழுவாமல் மாட்டும் காந்தப் பொத்தான்கள் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தாள்.

"ஷஹீதா, அந்தக் காந்தம் ஒண்ணு குடேன்."

"என்னக்கா, மொகமே சரியில்ல."

தனுஜா சொன்னாள். ஷஹீதா ஒன்றும் கேட்காமல் நான்கு பொத்தான்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக்கிக் கொடுத்தாள். தனுஜா அதைப் பச்சைத் தலையணைமேல் வைத்து மெதுவாக இழுத்தாள். நீளவாக்கில், குறுக்கே, திருப்பிப்போட்டு மறுபடியும். எங்கும் பிடிக்கவில்லை. சரிபார்க்கத் தலையணைக்கு அடியில் சின்ன ஊசி ஒன்றை வைத்தாள். காந்தம் உடனே இழுத்துப் பிடித்தது.

"இதுல இல்ல," என்றாள் ஷஹீதா. அவள் குரலும் இறங்கியிருந்தது.

மஞ்சளை ஒரு பெண் காசு கொடுத்து வாங்கினாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் சிலுவை. பேர் தெரியாது. ஊதாவை ஒரு இளைஞன் வாங்கினான். போனில் பணம் அனுப்பியதால் அவன் பேர் அதில் இருந்தது: கோகுலன். பேர் மட்டும். நம்பர் இல்லை. அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"கெப்பாலா பத்தாஸ் போகணும்க்கா. இன்னிக்கு புள்ளைக்கு முப்பதாம் நாள். காலையிலயே மொட்டை போட்டாச்சு. பதினோரு மணிக்குத் தொட்டில்ல போடுறோம். ஒய்ஃபுதான் ஒங்க பேஜைப் பார்த்துட்டு, இந்தத் தலையணைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது."

மணி பத்து நாற்பது.

அவளுடைய விற்பனைப் பக்கத்துக்குப் போனில் வந்த செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனாள். விலை என்ன, பெரியது உண்டா, ஈப்போவுக்கு அனுப்புவீர்களா. ஆறு நாளுக்கு முன்னால் ஒன்று: 'ஒரு மாதக் குழந்தைக்குக் கடுகுத் தலையணை ஒத்துக்குமா அக்கா?' அனுப்பியது ரூபினி. 'தாராளமாக வைக்கலாம், பயம் வேண்டாம்' என்று தனுஜா பதில் போட்டிருந்தாள். 'அப்ப கோகுலன ஞாயித்துக்கெழம அனுப்பறேன்' என்று ரூபினி எழுதி, தன் நம்பரும் போட்டிருந்தாள்.

அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள். ஓய்ந்தது. நீளமாக ஒரு செய்தி எழுதினாள், அழித்தாள், சின்னதாக எழுதினாள்: 'தலையணையில் ஊசி இருக்கலாம். குழந்தையை அதில் படுக்க வைக்க வேண்டாம்.' அனுப்பினாள். யாரும் பார்க்கவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே சந்தை ஏற்பாட்டாளன் பிரவினிடம் ஓடினாள். அவன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி மைக்கைக் கேட்டாள்.

"மஞ்சத் தலையணை வாங்குனவங்க கடைக்குத் திரும்பி வாங்கன்னு மட்டும் சொல்லுவோம்க்கா. ஊசின்னு சொன்னா அப்புறம் ஒங்க கடைய எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

"அந்தம்மா பேரப்புள்ள அதுல தூங்குனா என்ன பண்ணுவ? குடு தம்பி."

மைக்கை வாங்கி மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னாள். ஊசி என்றே சொன்னாள். அவள் மேசையில் தொட்டில் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் அதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

மஞ்சள் தலையணை ஐந்து நிமிஷத்தில் வந்தது. கொண்டுவந்தவள் வெரோனிக்கா, கெலுகோர் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தையின் சாப்பாட்டு மேசையிலிருந்து நேராக வந்திருந்தாள். உதட்டோரம் லக்சா நூடுல்ஸ் சாறு.

"நல்ல வேள தாயி. பேத்திக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு நாள் நானே படுத்துப் பார்க்கலாம்னு இருந்தேன். எனக்குக் கழுத்து வலி."

தனுஜா காந்தத்தை இழுத்தாள். ஷஹீதா குனிந்து பார்த்தாள். நீளவாக்கில், குறுக்கே, திருப்பிப்போட்டு.

பிடிக்கவில்லை.

"அப்பாடா. மாதாவே," என்றாள் வெரோனிக்கா.

தனுஜா காந்தத்தைக் கீழே வைத்தாள். இதில் இருந்திருக்க வேண்டும் என்று எவ்வளவு வேண்டியிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. இனி இருக்கலாம் என்ற பேச்சில்லை. ஊசி கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது.

பதினொன்று ஐந்து.

"போலீஸுக்குப் போன் அடிக்கலாமாக்கா?" என்றாள் ஷஹீதா.

"எந்த வீடுன்னு சொல்றது?"

மறுபடியும் அழைத்தாள். இந்த முறை எடுத்தார்கள். பெண்களின் சிரிப்பு, பாத்திரம் உருளும் சத்தம், பதிவு செய்த நாயனம்.

"யாரு?" வயதான பெண் குரல். அதட்டல்.

"ரூபினி இருக்காங்களா? அவசரம்மா."

"புள்ளைக்காரி, சாமிகிட்ட நிக்கிறா. பிற்பாடு பேசு."

"தலையணை வித்த கடையிலேருந்து பேசறேன். அந்த ஊதாத் தலையணைய எடுத்துருங்கம்மா, அதுக்குள்ள ஊசி…"

"என்ன பேச்சு பேசற? புள்ளயத் தொட்டில்ல போடற நேரத்துல ஊசிங்கற! ஒனக்கு வேற வேல இல்ல?"

வைத்துவிட்டாள்.

அதன் பிறகு மணி மட்டும் அடித்தது. தனுஜா பச்சைத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் தானாக அதன் நடுப்பள்ளத்தைத் தடவியது. குழந்தையின் பின்மண்டை அழுந்தட்டும் என்று அவளே அளந்து விட்ட பள்ளம். மொட்டை போட்ட மண்டை. முடி கூட இல்லை இடையில். ஷஹீதா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே இருந்தது.

பதினொன்று பதினெட்டுக்குப் போன் அடித்தது. ரூபினி.

"அக்கா." கிசுகிசுப்பு. கதவை மூடிக்கொண்ட அறையின் எதிரொலி. "இப்பத்தான் மெசேஜப் பார்த்தேன். நெசமாவா?"

"பாப்பா எங்க?"

"என் தோள்ல. தொட்டில்லேருந்து தூக்கிட்டு வந்துட்டேன். தலையணையும் இருக்கு. அதுலதான்க்கா படுத்திருந்தா. பத்து நிமிஷம் இருக்கும். ஒருக்கா வீறுன்னு அழுதா. தூக்கத்துக்கு அழுவறான்னு அத்தை ஆட்டிவிட்டாங்க."

தனுஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பக்கத்துல தட்டு ஏதாச்சும் இருக்கா? தலையணைய அதுல வெச்சு ஓரத்துல கத்தரிங்க. கைய உள்ள விட்டுடாதீங்க. கடுகக் கொட்டுங்க."

கத்தரிக்கோல் துணியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கடுகு தட்டில் கொட்டியது. மழை போலக் கொட்டி, மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது.

"இருக்கு," என்றாள் ரூபினி.

"தலையப் பாருங்க," என்றாள் தனுஜா. "வெளிச்சத்துல. காதுக்குப் பின்னாலயும் பாருங்க."

குழந்தை முனகியது. ரூபினி அதனிடம் ஏதோ சொன்னாள்.

"காதுக்குப் பின்னால செவப்பா ஒண்ணு இருக்குக்கா." குரல் வேகமெடுத்தது. "மொட்டை போட்டப்ப பட்டிருக்கும். காலையில ரொம்ப ஆட்டம் போட்டா. கத்திதான் பட்டிருக்கும். இல்லக்கா?"

"கோடா இருக்கா, புள்ளியா இருக்கா?"

குழந்தை மறுபடியும் முனகியது.

"ரூபினி."

"புள்ளி."

ஷஹீதா தனுஜாவின் தோளைப் பிடித்தாள்.

"கிளினிக்குப் போங்க. இப்பவே. ஊசியையும் கொண்டு போங்க."

"வீடு பூரா ஆளுங்கக்கா. அத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. துணிய மடிச்சு வெச்சா போதும், எம்புள்ளைங்க எல்லாம் அப்படித்தான் வளந்துச்சுன்னாங்க. நான்தான் ஆசப்பட்டுக் கேட்டேன். முப்பதாம் நாளே புள்ள தலையில ஊசிய எறக்கிட்டேன்னு சாவற வரைக்கும் சொல்லுவாங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே போகாத அழுகை. "நீங்க கத்தின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. பாலு நல்லாத்தான் குடிச்சா. இப்ப சிரிக்கக்கூட செய்யறா. நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

சொல்லலாம். சின்னப் புள்ளி. ஒன்றும் ஆகாமல் போகலாம். சொன்னால் இரண்டு பேருக்கும் மூச்சு வரும், இன்றைக்கு. தனுஜா வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசுவது போல் இருந்தது.

"கத்தி இல்ல. ஊசிதான். நான் தைச்ச தலையணை, என் ஊசி. ஒங்க அத்தைகிட்ட என் பேரச் சொல்லுங்க. திட்டறத எல்லாம் என்னைத் திட்டட்டும். போனை அவங்ககிட்ட குடுங்க."

அந்தப் பக்கம் கதவு தட்டப்பட்டது. 'ரூபினி, புள்ளைய எங்க கொண்டு போன?' இணைப்பு அறுந்தது.

தனுஜா போனை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவின் வந்து நின்றான், ஏதோ கேட்க நினைத்தான், அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான். வெரோனிக்கா போகவில்லை. மஞ்சள் தலையணையை மார்போடு பிடித்து உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"யாரும்மா நீ?" அதே அதட்டல் குரல். பின்னால் காரின் இரைச்சல்.

"தனுஜாம்மா. அந்தத் தலையணைய தைச்சவ."

அவள் காத்திருந்தாள். வசவு வரவில்லை.

"ரூபினி சொன்னா, கிளினிக்குத்தான் போறோம். டாக்டர் கேப்பாரு. புது ஊசியா, துருப்புடிச்சதா?"

"புதுசும்மா. போன வாரம் வாங்குனது."

"எங்கயாவது கீழ விழுந்துச்சா? அழுக்குல கெடந்துச்சா?"

"இல்லம்மா. துணிக்கு மட்டுந்தான்." தனுஜாவுக்கு ஒன்று தோன்றியது. "அம்மா, அதோட முனை இருக்கா பாருங்க. ஒடைஞ்சிருக்கா?"

"கோகுலா, காடிய ஓரமா நிறுத்து. கண்ணாடிய எடு." இரைச்சல் நின்றது. ஏதோ உரசியது. ரூபினியின் விம்மல் தூரத்தில் கேட்டது. கிழவி நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"முனை இருக்கு," என்றாள். "கூராத்தான் இருக்கு."

கார் மறுபடியும் கிளம்பியது.

"போனை வெச்சிடாத," என்றாள். "டாக்டரு என்ன சொல்றாருன்னு நீயும் கேக்கணும்."

"வெக்க மாட்டேன்மா."

குழந்தை அழத் தொடங்கியது. தனுஜா இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை நின்றபோதெல்லாம் அவள் மூச்சும் நின்றது.