கேட்டவரிடம் ஒரு பிரதி

ஷெர்லினுக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்கே வந்திருப்பாள். "எனக்கென்ன பொறாமை? எனக்கு நியாயம் வேணும், அவ்வளவுதான்" என்பாள். பொறாமைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அது வேறு விஷயம். யமுனாவின் பெயரை யார் எடுத்தாலும் அவளுக்கு வயிறு பற்றிக்கொள்ளும். இத்தனைக்கும் இருவரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள். மத்தியானம் ஷெர்லின் புத்தூரிலிருந்து கொண்டுவந்த முட்டைத் தொக்கும் யமுனா ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுவந்த புளிச்சாதமும் நடுமேஜைக்கு வரும், பாதிப் பாதியாகப் பிரியும். அதில் மட்டும் ஷெர்லினுக்கு யமுனாமேல் ஒரு குறையும் கிடையாது.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அவர்களுடைய கல்லூரி. திட்டம் பெனடிக்ட் சாருடையது. பெயர் ஓபன் ஹைப்பர்மீடியா. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், சங்கதி எளிமையானது. வழக்கமாக இணையத்தில் ஒரு பக்கத்தில் இணைப்பு வைக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர்தான் வைக்க முடியும். இதில் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. இணைப்பு தனியாக, அதைப் போட்டவரின் கணினியில் கிடக்கும். நீங்கள் ஒரு பழைய வெள்ள அறிக்கையைத் திறந்தால், உங்கள் கணினி மற்ற கணினிகளிடம், "இந்தப் பக்கத்துக்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். இருக்கிறவர் கொடுப்பார். நடுவில் பெரிய சர்வர் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்டு வாங்குகிற ஏற்பாடுதான்.

கொடுக்கிறவருடைய கணினி அணைந்து கிடந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவள் ஷெர்லின். "கேட்டவங்க கிட்டயே ஒரு பிரதி தங்கட்டும் சார்" என்றாள். ஓர் இணைப்பைத் திறந்து படித்தவரின் கணினியில் அதன் பிரதி ஒன்று தானாக உட்கார்ந்துவிடும். அடுத்தவர் கேட்டால் அவரே கொடுப்பார். யார் திறந்து பார்த்தார்கள் என்பது போட்டவருக்குத் தெரியக் கூடாது என்றும் அவள்தான் வாதாடினாள். படிக்கிறவனை வேவு பார்ப்பது அசிங்கம் என்றாள். இரண்டு விதிகளும் அப்படியே திட்டத்தில் ஏறின. பெனடிக்ட் சார், "குட்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

யமுனாவுக்கு மட்டும் அவர் வாயிலிருந்து மழையாகக் கொட்டும். யமுனா கொள்ளிடத்து வெள்ளத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய அறிக்கைகளையும் வரைபடங்களையும் கரையோரப் படித்துறைப் படங்களையும் ஒன்றோடு ஒன்று கோத்திருந்தாள். திங்கட்கிழமைக் கூட்டங்களில் தன் கணினியைத் திரையில் போட்டு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனால், பெனடிக்ட் சார், "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று எல்லோரையும் திரும்பிப் பார்ப்பார். பத்திரிகையில் அவள் படம் வந்தது. நூலகத்தில் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்றைக்கு ஷெர்லினுடைய அம்மா பேட்ரிசியா வீட்டில் பேப்பரை மடித்துக்கொண்டே, "நீயும் அதே ரூம்லதானே உக்காந்திருக்க? உன்னை ஏன் போட்டோ எடுக்கல?" என்று கேட்டாள். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா அது!

ஷெர்லின் எடுத்துக்கொண்டது மருங்காபுரிப் பக்கத்து ஏரிகள். தண்ணீர் இல்லாத ஏரிகள். வெயிலில் பஸ் ஏறிப் போய், கரை எங்கே, மதகு எங்கே என்று கேட்டு அலைந்து, பழைய பொதுப்பணித் துறை அறிக்கைகளின் மேல் வரி வரியாக இணைப்புப் போட்டிருந்தாள். வெள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். வற்றிப்போன ஏரியை யார் வந்து பார்ப்பார்கள்? ஒரு ஈ காக்கைகூடத் திறந்திருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

யமுனாவின் இணைப்புகளை அவளும் திறந்ததில்லை. ஒன்றைக்கூட. எதற்குத் திறக்க வேண்டும்? அதுதான் ஊரே பார்க்கிறதே!

இந்த நிலைமையில்தான் நிதி கொடுக்கிற இடத்திலிருந்து ஷரீபா மேடம் வருவதாகச் செய்தி வந்தது. அவர் பார்த்துச் சரி என்றால் திட்டமும் நீளும், இரண்டு பெண்களின் வேலையும் நீளும். இல்லையென்றால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெனடிக்ட் சார் ஷெர்லினைக் கூப்பிட்டார்.

"மேடத்துக்கு ஏரின்னா இஷ்டமாம். அதனால முதல்ல மருங்காபுரி, அப்புறம் கொள்ளிடம். யமுனாவே ரெண்டையும் பேசிடட்டும். அவளுக்குச் சரளமா வரும், உனக்குத் தெரியாததா?"

"சரி சார்" என்றாள் ஷெர்லின். வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. வெயிலில் கருகினவள் நான், என் சரக்கை எடுத்து அவள் கடை விரிப்பதா? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சரக்கு என் கணினியில்தானே இருக்கிறது? அதை அணைத்துவிட்டால்? வேறு யாரிடமும் பிரதி இருக்க வழியே இல்லை. யமுனா ஆடம்பரமாகப் பக்கத்தைத் திறப்பாள், வெறும் பக்கம் பல்லிளிக்கும். திட்டம் போகுமே, தன் வேலையும் போகுமே என்று மனசின் ஒரு மூலை முனகத்தான் செய்தது. போனால் போகட்டும் என்றாள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று சும்மாவா சொன்னார்கள்.

மேடம் வந்த அன்று காலை எல்லோரும் கருத்தரங்க அறைக்குப் போனதும், ஷெர்லின் கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தாள். தன் கணினியை அணைத்தாள். பக்கத்தில் யமுனாவின் கணினி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் யமுனாவின் டிபன் பாக்ஸ் இருந்தது. ஷெர்லின் அதைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அறையில் புது லேப்டாப் ஒன்றைத் திரையோடு பூட்டியிருந்தார்கள். எந்தக் கணினிகள் விழித்திருக்கின்றன என்பது திரை ஓரத்தில் தெரியும். பெனடிக்ட் சார், நூலகம், யமுனா மூன்றும் பச்சை. ஷெர்லின் மட்டும் சாம்பல். யமுனா அதைக் கவனித்தாள். ஒரு நொடி ஷெர்லினைப் பார்த்தாள், பிறகு பேச ஆரம்பித்துவிட்டாள்.

மருங்காபுரி அறிக்கை திறந்தது.

பக்கம் நிரம்பிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய இணைப்புகள் வந்து உட்கார்ந்தன. மதகு, கரை, வரத்துக் கால்வாய், அந்தக் கால அதிகாரியின் புகார், அவள் கைப்பட எடுத்த படங்கள். ஒன்றுகூட விடுபடவில்லை. எல்லாம் யமுனாவின் கணினியிலிருந்து வருவதாகத் திரை காட்டியது.

பிரதி அங்கே இருக்கிறதென்றால் யமுனா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்திருக்கிறாள். யாரும் சீந்தாத ஏரிகளை உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறாள். அட கடவுளே, இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே! அந்த நிமிஷத்தில் ஷெர்லினுக்கு எரிந்த எரிச்சல் முன்பு எரிந்ததைவிட அதிகம்.

"இந்த ஏரி வேலை ரொம்ப நல்லா இருக்கு. யார் பண்ணினது?" என்றார் ஷரீபா மேடம்.

"ஷெர்லின், மேடம். அவ கணினி இப்ப ஆஃப்ல இருக்கு. இருந்தாலும் வருது பாருங்க, இந்த விதியே அவ கண்டுபிடிச்சதுதான்" என்றாள் யமுனா.

"பேஷ்! அப்ப ஒண்ணு செய்யுங்க. அடுத்து கொள்ளிடம்தானே? அது யார் கணினியில இருக்கு?"

"என்னோடதுல மேடம்."

"அதை அணைச்சிட்டுக் காட்டுங்க. வருதான்னு பாப்போம்."

யமுனா சிரித்தாள். அவளுக்குத் துளி பயம் இல்லை. "தாராளமா மேடம். சார்கிட்ட இருக்கும், லைப்ரரியில இருக்கும். ஷெர்லின்கிட்ட நிச்சயமா எல்லாமே இருக்கும்." ஷெர்லின் பக்கம் திரும்பினாள். "நீ போய் உன்னோடதை ஆன் பண்ணிட்டு, என்னோடதை அணைச்சிட்டு வந்துடேன்டி, ப்ளீஸ்."

ஷெர்லின் நடந்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியாது. அறைக்குள் வந்து நின்றாள். தன் கணினியை உயிர்ப்பித்தாள். அதில் கொள்ளிடம் பற்றி ஒரு பொட்டுக்கூட இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். இப்போது திறந்து பார்த்துவிடலாமா? சில நிமிஷம் போதும். விரல் விசைப்பலகைக்குப் போனது. அதற்குள் வாசலில் பெனடிக்ட் சாரே வந்து நின்று, "ஆச்சாம்மா? மேடம் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அவள் யமுனாவின் கணினியை அணைத்தாள். சார்கிட்ட இருக்கும், சார்கிட்ட கட்டாயம் இருக்கும், மாதாவே, சார்கிட்டயாவது இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள். யமுனா ஜெயிக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கொள்ளிடத்து அறிக்கை திறந்தது. பெனடிக்ட் சார் பச்சை. நூலகம் பச்சை. ஷெர்லின் பச்சை. பக்கம் மட்டும் மொட்டையாக நின்றது.

யமுனா அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதுவும் வெறுமை. இன்னொரு பக்கம். பெனடிக்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் "பாத்தீங்களா" என்று கூவியவர், அத்தனையும் யமுனாவின் திரையில் பார்த்ததோடு சரி. நூலகத்துக்காரர்கள் படத்தைக் கத்தரித்து ஒட்டியதோடு சரி. ஊரே பார்க்கிறது என்று ஷெர்லின் வெந்து செத்த அந்த வேலையை ஊரில் ஒருத்தரும் திறந்து படிக்கவில்லை.

ஷரீபா மேடம் பேனாவை மூடினார். "உங்க சிஸ்டத்துல கோளாறு இல்லை. யாரும் படிக்கலைங்கறதை அது ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடுச்சு. நான் சரின்னுதான் எழுதப்போறேன்" என்றார். திட்டம் பிழைத்தது. பெனடிக்ட் சார் கைதட்டினார். கூடத் தட்ட யாருக்கும் கை வரவில்லை.

மத்தியானம் அறையில் இருவரும் மட்டும். யமுனா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"காலையில கரண்ட் போச்சான்னு கேக்கலாம்னு நினைச்சேன்" என்றாள். "ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்விட்ச் போர்டு. என்னோடது ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு."

ஷெர்லின் தரையைப் பார்த்தாள்.

"நீ அணைச்சது கூடப் பரவாயில்லைடி. கோவத்துல செஞ்சிருப்ப. ஏரியைப் பத்தி நானே பேசறேன்னு ஒத்துக்கிட்டது என் தப்பு." யமுனா நடுமேஜையைக் காட்டினாள். "தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். ஒண்ணு கூடவா திறந்து பாக்கல?"

நேரமில்லை எனலாம். மறந்துவிட்டேன் எனலாம். வாய்வரை வந்த இரண்டு பொய்களையும் ஷெர்லின் விழுங்கினாள்.

"திறந்து பார்த்தா நல்லா இருந்துடுமோன்னு பயமா இருந்துச்சுடி" என்றாள்.

யமுனா எழுந்து தன் கணினியைப் போட்டாள். அது விழித்துக்கொள்கிறவரை நின்றாள். பிறகு திறக்காத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஷெர்லின் கொள்ளிடத்து அறிக்கையைத் திறந்தாள். ஓரத்தில் யமுனா பச்சை. பக்கமெங்கும் இணைப்புகள் வந்து நிறைந்தன. முதல் இணைப்பைத் திறந்து, கடைசி வரிவரை படித்தாள்.

அவள் பயந்தபடியே, நன்றாக இருந்தது.