நான்காவது ஊர்

அரபு நாட்டில், புஜைராவிலிருந்து வடக்கே போகும் சாலையில், மூன்றாவது கடற்கரை ஊரிலும் ஜெஸி காரை நிறுத்தினாள். என்னை ஒரு படகுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் லீவு போட்டு அம்மாவுக்கு ஊர் காட்டுகிறாளாம். கடலோரத்தில் பிறந்து, கருவாடு காயப்போட்டே தலை நரைத்தவளுக்கு.

“கொஞ்சம் சிரிம்மா. இதப் பாக்க ஆளுவ பிளைட்டு ஏறி வருது.”

“நம்ம கடலவிட உப்பு கொறவா இருக்கா, பிளே?”

சிரித்தாள். அதன்பிறகு கார் ஓட்டும்போது பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

நான்காவது ஊர்தான் எல்லாவற்றிலும் அழகு. துரு நிறத்தில் மலை, அதன் அடியில் வெள்ளைப் பள்ளிவாசல், கரையோரம் வரை பேரீச்சை மரங்கள். வலைக் கொட்டகையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

“சாகிர் அண்ணன், தொண்டிக்காரரு. நம்ம ஆல்டோகூட ஒரே படகுல வேலைக்கு நின்னவரு.”

எதற்குக் கூட்டிவந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. இங்கே கடலுக்குப் போய்த் திரும்பாத என் மகன் ஆல்டோவுக்கு மூன்று வருசமாக அடக்கப் பூசை வைக்க நான் சம்மதிக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் அவன் பொருள் ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். அடுத்த வியாழன் எனக்கு விசா முடிகிறது.

கொட்டகைக்கு வெளியே, வெயிலில், கடலைப் பார்த்தபடி ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது.

“ஆல்டோ படகு ஏறுறப்ப கழட்டிப் போட்டதும்மா. ஏறுனவன் எறங்குற வரைக்கும் அவன் செருப்ப இன்னொரு ஆளு தொடக்கூடாதுல்ல. மொதலாளி கபீல் ரெண்டு தடவ கூட்டித் தள்ளச் சொன்னாரு. மாஃபி, முடியாதுன்னுட்டேன். மணல் மூடுனா குச்சியால தள்ளி விடுவேன், அவ்வளவுதான். நீங்க பெத்தவுக. நீங்க எடுக்கலாம்.”

“அன்னைக்கு நீ ஏன் படகுல போவல, மக்கா?”

“காய்ச்சல்மா.”

“இப்ப ஒடம்பு சொகமா?”

அவர் செருப்புக்கு வழிவிட்டு விலகி நின்றார்.

ஜெஸி ஒரு வெள்ளைத் துணிப்பையை எடுத்தாள். துவைத்து, தேய்த்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். “எடும்மா. அப்பாவும் காத்துக் காத்தே போய்ச் சேந்தாவ. கலாஸ். போதும்மா.”

குனிந்து எடுத்தேன். இடது குதிகால் மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. எத்தனை செருப்பு வாங்கிக்கொடுத்தாலும் அப்படித்தான் தேய்ப்பான். ஜெஸி பையை விரித்து என் கைக்கு நேரே பிடித்தாள்.

“சுடுது பிளே,” என்றேன். “இதுல கால வச்சா கொப்பளிச்சிரும்.”

கொட்டகை நிழலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். கடலைப் பார்த்துக் கிடந்த முனைகளைக் கரைப்பக்கம் திருப்பினேன், தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவன் அப்படியே காலை நுழைக்கும்படி.

திரும்பிப் பார்த்தபோது ஜெஸி அதே இடத்தில் நின்றாள். விரித்துப் பிடித்த பைக்குள் கடல்காற்று நிறைந்து உப்பியிருந்தது.