அன்னப்பூரணி கடைக்கு ஆள் எடுத்த நாள்

பெரியகல்லாற்றில் கல்முனை வீதியோரமாகச் சோற்றுக்கடை நடத்திவந்த அன்னப்பூரணிக்குக் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஆள் பிடிப்பதில்தான் ராசியில்லை. முதலில் கணவர் வழிச் சொந்தம் என்று ஒருவனை வைத்தாள். அவன் சிநேகிதர்களுக்கெல்லாம் பொரித்த மீனை அள்ளிக் கொடுத்தே பேரெடுத்தான். அடுத்து வந்தவள், சாப்பிட வந்தவர்கள் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே அழுதுவிடுவாள்.

“இந்த முறை கேள்வி கேட்டுத்தான் எடுக்கிற” என்றார் கணவர் வினாயகமூர்த்தி. அவர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர்.

ஒரு சனிக்கிழமை வேலை கேட்டு மூன்று பேர் வந்து வாங்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் அழகரத்தினம் கட்டாரில் ஹோட்டல் வேலை பார்த்தவன். போட்டிருந்த சேட்டு மடிப்புக் குலையாமல் இருந்தது. வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாடிக்கையாளர் எண்டா ஆர்?” என்று தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஆமிக்காரர் வீதியை மூடிவிட்டார்கள். முன்னால் எங்கோ சோதனையாம். கல்முனைக்குப் போன இரண்டு பஸ்கள் கடைவாசலிலேயே நின்றன. இறங்கிய சனம் முழுவதும் கடைக்குள் நெருக்கியடித்தது. பிள்ளைகள் அழுதன. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்னப்பூரணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இறங்கியவர்களில் மீன்காரி சீதேவிப்பிள்ளையும் ஒருத்தி. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் விற்று முடித்து, வெறுங்கூடையோடு பக்கத்து ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து அன்னப்பூரணி ஒருநாளும் விலை பேசியதில்லை. சீதேவிப்பிள்ளை கூடையை மூலையில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

“பிள்ளைக்காரிகள் முதல்ல இரிங்க! இளந்தாரிமார் வெளிய மரத்துக்குக் கீழ நில்லுங்க. அன்னம், நீ அடுப்ப விட்டு அசையாத. சேட்டுக்காரத் தம்பி, என்ன பாக்கிறாய்? தண்ணி அள்ளு!”

பதிலை யோசித்துக்கொண்டிருந்த அழகரத்தினம், சேட்டுக் கையை மடித்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினான். மற்ற இருவரும் கேள்வி முடியட்டும் என்று இருந்தார்கள். சீதேவிப்பிள்ளை அவர்களை எழுப்பி, வாங்கைப் பிள்ளைக்காரிகளுக்குக் கொடுத்தாள்.

ஓரமாக ஒரு கிழவர் உட்காராமல் நின்றார். “எனக்குப் பசிக்கல்ல புள்ள. மகள்ட வீட்ட போய்ச் சேருவனோ தெரியா.”

“பசிக்காட்டிப் பரவாயில்ல. சும்மா இரிந்து என்ட கதையக் கேளுங்க.”

அவள் இடியப்பத்தை வைத்துச் சொதியை ஊற்றிக்கொண்டே, சந்தையில் காகத்தோடு தான் போட்ட சண்டையைச் சொன்னாள். கிழவர் சிரித்துச் சிரித்துத் தட்டை வழித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பக்கத்து மேசைக்கும் தொற்றியது. அடுப்படியில் நின்ற அன்னப்பூரணிக்குச் சனத்தைக் கண்டதும் நெஞ்சில் ஏறிய பாரம் இறங்கியது.

வீதி திறந்ததும் அவள் ஓடிவந்து சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். “நாளைக்கு வேலைக்கு வாறியா கா?”

“நான் வேலை கேட்டு வரல்லியே!”

“உன்னப்போல ஒராளத்தான் தேடினனான்.”

சீதேவிப்பிள்ளை நிபந்தனை போட்டாள். “என்னப் பேசாத எண்டு மட்டும் சொல்லப்படா.”

“பேசத்தானே உன்ன எடுக்கிறன்!”

“அப்ப வாறன். அந்தச் சேட்டுக்காரனையும் எடு. சொன்ன உடன எழும்பினவன் அவன் ஒருத்தன்தான்.”

“நான் இன்னும் ரெண்டாவது கேள்வியே கேக்கல்ல” என்றார் வினாயகமூர்த்தி.

“நீங்க இந்தக் கோப்பையளக் கழுவுங்க” என்றாள் சீதேவிப்பிள்ளை. கணவர் முழிப்பதைப் பார்த்து அன்னப்பூரணி வயிறு நோகச் சிரித்தாள்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. “நீங்க போங்க, நான் நடந்து வாறன்!” என்று சீதேவிப்பிள்ளை உள்ளேயிருந்தே சத்தம்போட்டாள்.