டோர்க்கில் கூப்பிட்ட சனிக்கிழமை

எங்கள் தீவின் சாலை முனையில் தொலைபேசிக் கூண்டு வைத்த வருடம் அது. தபால்காரன் நான்தான் என்பதால் பேஹக்குக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்ததும் நானே. டோர்க்கில் என்ற அவள் தம்பி கனடாவிலிருந்து எழுதியிருந்தான்: சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூண்டில் நில், கூப்பிடுகிறேன்.

அவன் ஊரைவிட்டுப் போய் முப்பத்தொரு வருடம். ஒவ்வொரு கடிதத்திலும் வருகிறேன் வருகிறேன் என்பான். சதுப்பில் அடுப்பெரிக்கும் மண்கட்டி வெட்டும்போது அவனுக்கென்று ஒரு பங்கு கூடுதலாக வெட்டிச் சுவரோரம் அடுக்கிவைப்பாள் பேஹக்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பாதி ஊர் கூடிவிட்டது.

"என்ன பேஹக், கல்யாணத்துக்கா?" என்றான் பக்கத்து நிலத்துக் கோன்யக்.

"ஆமா. உன்னப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போய் வெளியூர்ல மாப்பிள்ளை சொல்லியிருக்கேன். தள்ளி நில்லு."

மணி அடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். நான் எடுத்து, இணைப்பகத்துப் பெண்ணின் ஆங்கிலத்துக்குப் பதில் சொல்லி அவளிடம் கொடுத்தேன். எதிர்க்கரைக்குக் கூப்பிடுவதுபோலக் கத்தினாள்.

"டேய், நீதானா?"

"நான்தான்க்கா. உருளைக்கிழங்கு எப்படி?" கதவருகே நின்ற எனக்கே கேட்டது.

"நல்லாருக்கு. மாடு கன்னு போட்டிருக்கு. இதக் கேக்கவா கூப்பிட்ட?"



"அக்கா, என்னால வரமுடியாது. மரம் விழுந்து ரெண்டு காலும் போச்சு. பதினோரு வருஷமாச்சு. எழுத மனசு வரல. இங்க நம்ம கேலிக் பாஷை பேச ஒருத்தரும் இல்லக்கா. சுவத்தப் பாத்துத்தான் பேசிக்கிறேன்."

பேஹக் கூண்டின் கண்ணாடிமேல் நெற்றியைச் சாய்த்தாள்.

"படவா. பதினோரு வருஷமாப் பொய் சொன்னியா?"

"ஆமாக்கா."

"சரி. நீ வரவேண்டாம். நான் வர்றேன்."

இணைப்பு அறுந்தது. அதன் பிறகும் வெகுநேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"இங்கிலீஷ்ல தண்ணி கேக்கக்கூடத் தெரியாதே உனக்கு!" என்றான் கோன்யக்.

"தாகம் எடுக்கட்டும், கேக்குறேன்."

செப்டம்பரில் மாட்டையும் கன்றையும் கோன்யக்கிடமே ஒப்படைத்தாள். எப்போதும் வாய் ஓயாதவன் அன்று கயிற்றை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்தான். கப்பலின் பின்பக்கம் அவள் தனியாக நின்றாள். முனைக்குன்று மறைக்கும்வரை அவள் கோட்டு தெரிந்தது.

இப்போது அவள் கடிதங்கள் எனக்கு வருகின்றன. டோர்க்கில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறானாம். நம் கரையிலுள்ள பாறைகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி இருவரும் நாள் முழுக்கச் சண்டையாம். போன கடிதத்தில், 'இங்கே எங்கும் காடுதான். காற்றில் மரங்கள் இரைந்தால் அலையென்று நினைத்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வடக்குக் குடாவில் கடல்நாய்கள் குட்டி போட்டுவிட்டனவா? போய்ப் பார்த்து எழுது' என்று கேட்டிருந்தாள்.

தபால் பையை இறக்கிவைத்துவிட்டு நடந்துபோனேன். ஏழு குட்டிகள். மழை வலுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து, ஒன்று விடாமல் எழுதினேன்.